உதவிக்கு வந்தவர் போன பிறகும் திறந்து கிடக்கும் கதவு: வீட்டுக் கம்ப்யூட்டரில் ரிமோட் ஆக்சஸைச் சரிபார்க்க முழு வழிகாட்டி

போன பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்ட் பில் கட்டித் தரச் சொன்னார், கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்குமே, அதை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே ஒரு ரிமோட் செயலியின், அதாவது வேறு இடத்தில் இருப்பவர் இந்தக் கம்ப்யூட்டரைத் தன் திரையில் பார்த்து இயக்க உதவும் செயலியின், ஐகான் உட்கார்ந்திருந்தது. அதன் செட்டிங்ஸைத் திறந்தால், இந்தப் பக்கம் யாரும் அனுமதி கொடுக்காமலேயே வெளியிலிருந்து உள்ளே வரலாம் என்ற வசதி ஆனில் இருக்கிறது, அதற்கு ஒரு நிரந்தரப் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியாது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிரின்டர் மக்கர் செய்தபோது போனிலேயே சரிசெய்து கொடுத்த சர்வீஸ் பையன் போட்டது. "அவன் நல்ல பையன்பா, எப்போ கூப்பிட்டாலும் உடனே பார்ப்பான்" என்றார்.

நல்ல பையனாகவே இருக்கட்டும். அவர் தன்னுடைய எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டிருந்தால்? அந்தப் பட்டியல் இருக்கிற லேப்டாப் தொலைந்தால்? வேலையை விட்டுப் போகும்போது நோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனால்? பெரியப்பாவின் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு க்ரோமிலேயே சேமித்து வைக்கப்பட்டிருந்தது. பணம் எதுவும் போகவில்லை, அது எங்கள் நல்ல காலம். அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரிமோட் ஆக்சஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. வேலை முடிந்த பிறகும் அது திறந்தே கிடப்பதுதான் ஆபத்து.

கதவு இரண்டு வகை

இது புரிந்தால் மீதி எல்லாம் சுலபம். முதல் வகை, உங்கள் கம்ப்யூட்டர் ஒரு போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண் போட்ட வாசலை, திறந்து வைத்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று காத்திருப்பது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அப்படித்தான், அதன் போர்ட் 3389. விஎன்சி என்ற வேறொரு வகை ரிமோட் மென்பொருள் என்றால் 5900. இந்த வகையில் வெளியாள் உள்ளே வர வேண்டுமானால் ரூட்டரிலும் வழி திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியானவை. இவை வெளியிலிருந்து யாரும் வருவதற்காகக் காத்திருப்பதில்லை. உங்கள் கம்ப்யூட்டரே அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய் ஒரு இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அந்தச் செயலி உங்களுக்குக் கொடுத்த எண்ணும் பாஸ்வேர்டும் தெரிந்தவர் அந்த சர்வர் வழியாக வந்துவிடுகிறார். நீங்கள் வெப்சைட் பார்ப்பது போலவே இதுவும் வெளியே போகிற இணைப்பு என்பதால் ரூட்டர் தடுக்காது. ஆன்டிவைரஸும் பெரும்பாலும் சத்தம் போடாது, ஏனென்றால் இது வைரஸ் இல்லை, முறையான மென்பொருள். "ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன், அப்புறம் என்ன பயம்" என்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நான் அதிகம் பார்ப்பதும் இந்த இரண்டாவது வகைதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: யார் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

செட்டிங்ஸ் திறந்து ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள், பெயர் வாரியாகப் பார்ப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் சர்வீஸ் ஆள் வந்த தேதி ஏறக்குறைய உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர், ரஸ்ட்டெஸ்க், சுப்ரீமோ, ஸ்கிரீன்கனெக்ட், க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோஸ்ட், விஎன்சி என்று முடிகிற எதுவும், இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்தி யோசியுங்கள்: இது எதற்கு, யார் போட்டது, இன்னும் தேவையா?

பட்டியலில் இல்லை என்றால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இவற்றில் சில இன்ஸ்டால் செய்யாமலேயே, டவுன்லோட் செய்த கோப்பை இரண்டு முறை தட்டினாலே ஓடக்கூடியவை. அதனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பையும் பாருங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகத் தொடங்குபவை எவை என்று தெரியும்.

தேவையில்லாததை நீக்கிவிடுங்கள். ஆனால் சந்தேகப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் நீக்குவதற்கு முன்னால் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீம்வியூவர் போன்றவை யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைக்கும், பின்னால் போலீஸில் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். அவசரத்தில் நீக்கிவிட்டுப் பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

உண்மையிலேயே தேவை என்று ஒன்றை வைத்துக்கொள்கிறீர்கள், சரி. அதன் செட்டிங்ஸில் அன்அட்டெண்டட் ஆக்சஸ் என்று ஒன்று இருக்கும், டீம்வியூவரில் ஈஸி ஆக்சஸ் என்ற பெயரிலும் இருக்கும். பெரியப்பா கம்ப்யூட்டரில் ஆனில் இருந்தது இந்த வசதிதான். அதை அணையுங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாகத் தொடங்குவதையும் அணையுங்கள். பதிப்பையும் புதுப்பியுங்கள். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன்னுடைய சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, எல்லோரையும் புதிய பதிப்புக்கு மாறச் சொன்னது. எப்போதோ போட்டு மறந்துபோன பழைய பதிப்பு ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது ஒன்றே போதும்.

போனையும் விட்டுவிடாதீர்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, ரிமோட் செயலியை போனில் போட வைத்து யுபிஐ வழியாகப் பணத்தை எடுக்கிறார்கள் என்று வங்கிகளை எச்சரித்தது.

படி 2: விண்டோஸின் சொந்தக் கதவுகள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப். உங்களுடையது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் இந்த வசதி உங்கள் பதிப்பில் இல்லை என்று அதுவே சொல்லிவிடும், அதோடு விட்டுவிடலாம். ப்ரோ என்றால் ஸ்விட்ச் இருக்கும், ஆஃப் செய்யுங்கள். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்களில் நான் பார்த்தவரை பலவற்றில் ப்ரோ பதிப்புதான் இருக்கிறது, அதனால் ஒரு தடவை பார்த்தே விடுங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ரிமோட் அசிஸ்டன்ஸ் என்று தட்டினால் பழைய மாடல் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் பெட்டி ஒன்று திறக்கும், அதில் ரிமோட் என்ற டேப். ரிமோட் அசிஸ்டன்ஸ் இணைப்புகளை அனுமதி என்ற கட்டத்தில் டிக் ஏற்கனவே போட்டபடியே இருக்கும். எடுத்துவிடுங்கள். தானாக யாரும் இதன் வழியாக வந்துவிட முடியாது, நீங்கள் அழைப்பு அனுப்ப வேண்டும், ஆனாலும் பயன்படுத்தாத ஒன்று எதற்குத் திறந்திருக்க வேண்டும்?

ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைப்பது பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் ப்ளூகீப் என்று பெயர் வைத்த ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டே இல்லாமல், எதிரில் இருப்பவர் எதையும் அழுத்தாமல், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே புகுந்துவிடலாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட மைக்ரோசாஃப்ட், ஐந்து வருஷம் கழித்து அதற்கும் ஒரு அப்டேட் வெளியிட்டது என்றால் அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் இந்த மாதிரி ஓட்டைக்கு முன்னால் பயனில்லை. சிலர் 3389-ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டுப் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். தேடுகிற நிரல்கள் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கக்கூடியவை, கதவை முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றினால் பூட்டு போட்டதாக ஆகாது.

வெளியூரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன், அதாவது இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை, வழியாக வாருங்கள். வயர்கார்டு, அல்லது அதை அடிப்படையாக வைத்த டெயில்ஸ்கேல், இரண்டும் வீட்டுக்குப் போதுமானவை. ரிமோட் டெஸ்க்டாப்பில், இணைப்பு முழுதாகத் திறக்கும் முன்பே பாஸ்வேர்டு கேட்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் ஆனில் இருக்கட்டும்.

அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நிரல் உலகம் முழுக்கப் பரவியது, அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் பகுதிக்குப் போய் ஸ்கிரீன் ஷேரிங், ரிமோட் மேனேஜ்மென்ட், ரிமோட் லாகின் மூன்றும் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 3: ரூட்டர்

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று போட்டால் ரூட்டரின் பக்கம் வரும். சரியான எண்ணும் பாஸ்வேர்டும் ரூட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். பாஸ்வேர்டு இன்னும் அந்த ஸ்டிக்கரில் இருப்பதுதான் என்றால், அல்லது அட்மின் அட்மின் என்றே இருந்தால், மற்றதைப் பார்ப்பதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நிரல் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பெயரும் பாஸ்வேர்டும் அறுபது சொச்சம் ஜோடி கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

அப்புறம் போர்ட் ஃபார்வார்டிங், அதாவது வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் இருக்கும் ஒரு சாதனத்துக்கு விடும் வழிகளின் பட்டியல், சில ரூட்டரில் வர்ச்சுவல் சர்வர் என்று இருக்கும். இந்தப் பட்டியல் காலியாக இருப்பதுதான் நல்லது. 3389, 5900, 445, 22 என்று ஏதாவது இருந்தால் யார் போட்டது என்று தெரியாத பட்சத்தில் நீக்குங்கள். ஒரு சாதனத்தை முழுவதுமாக இணையத்துக்குத் திறந்துவிடும் டிஎம்இசட் ஆஃபில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ரூட்டரையே நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியும் ஆஃப்.

பெரியப்பா வீட்டு ரூட்டரில் இந்தப் பட்டியலில் இரண்டு வரி இருந்தது. ஒன்று எங்களுக்குப் புரியவில்லை. இன்னொன்று சிசிடிவி மாட்டியவர் போட்டது, போனில் கேமரா பார்ப்பதற்காக, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரை நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார். டிவிஆரின் பாஸ்வேர்டு என்ன என்று பார்த்தால் 1-லிருந்து 6 வரை வரிசையாக. வீட்டைக் காவல் காக்க வைத்த பெட்டியே வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வழியாக இருந்தது. இரண்டு வரியையும் நீக்கினோம், டிவிஆருக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டோம், அந்த நிறுவனத்தின் செயலி வழியாகவே கேமரா போனில் தெரிந்தது. போர்ட்டைத் திறக்க அவசியமே இருந்திருக்கவில்லை. உங்கள் வீட்டில் கேமரா இருந்தால் இதை மறக்காமல் பாருங்கள்.

யுபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கும், பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் ஆனில்தான் வரும். வீட்டுக்குள் இருக்கிற எந்த சாதனமும் உங்களைக் கேட்காமல் ரூட்டரில் வழி திறந்துகொள்ள இது அனுமதிக்கிறது. அணையுங்கள். பிள்ளைகளின் கேம் ஏதாவது மக்கர் செய்தால் அதற்கு மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரூட்டர் பக்கத்தில் வான் ஐபி என்ற எண், அதாவது இணைய நிறுவனம் உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி, 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ ஆரம்பித்தால் உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உங்கள் ரூட்டரை நேரடியாகத் தட்டுவது கஷ்டம். ஆனால் அதை நம்பி மேலே சொன்னதை விட்டுவிடாதீர்கள், ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் இந்த மறைப்பு அதற்குப் பொருந்தாது. இரண்டாம் வகைக் கதவுக்கு இது ஒரு தடையே இல்லை.

படி 4: உள்ளே வந்தாலும் ஒன்றும் கிடைக்காதபடி

தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொள்ளுங்கள், அட்மின் கணக்கை எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் பயன்படுத்துங்கள். பிரவுசரில் வங்கிப் பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள். ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி மெயிலில்தான் இருக்கிறது.

பலரும் யோசிக்காத ஒன்று: ஓடிபி போனுக்குத்தானே வரும், கம்ப்யூட்டருக்குள் வந்தவருக்கு எப்படிக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் போன் லிங்க் செயலியையோ, கூகுள் மெசேஜஸின் வெப் பக்கத்தையோ இணைத்து வைத்திருந்தால் எஸ்எம்எஸ் அப்படியே கம்ப்யூட்டர் திரையில் வந்து விழும். பாஸ்வேர்டும் ஓடிபியும் ஒரே திரையில். வசதிக்காகச் செய்தது இது. வங்கி வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள்.

படி 5: உதவி தேவைப்படும்போது

முதல் விதி, போன் நீங்கள் போட்டதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டிலிருந்தோ வங்கியிலிருந்தோ பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று யார் கூப்பிட்டாலும் வைத்துவிடுங்கள். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கையும் ஒரு போன் நம்பரும் வந்தால் அது மோசடி, மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இந்த மோசடிக்காரர்கள் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லிச் சிவப்பும் மஞ்சளுமாக இருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அது அப்படித்தான் இருக்கும்.

வேறு மென்பொருள் போடாமல் விண்டோஸிலேயே இருக்கும் குயிக் அசிஸ்ட் போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் அழுத்தினால் திறக்கும். உதவி செய்பவர் ஒரு குறியீடு சொல்வார், நீங்கள் தட்டி அனுமதி கொடுக்க வேண்டும், அந்தக் குறியீடு கொஞ்ச நேரம்தான் செல்லும், ஜன்னலை மூடினால் எல்லாம் முடிந்தது. நிரந்தரப் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை, எனக்கு இது பிடித்ததற்கு அதுதான் காரணம். ஆனால் இதையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள், 2024 மே மாதம் மைக்ரோசாஃப்டே அதைப் பற்றி எச்சரித்தது. அதனால் குறியீடு சொல்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொடங்கும் முன் வங்கி, மெயில் டேப்களை மூடுங்கள். நடக்கும்போது எழுந்து போகாதீர்கள், அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இணைப்பு இருக்கும் நேரத்தில் எந்தப் பாஸ்வேர்டையும் தட்டாதீர்கள், வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சில செயலிகளில் உங்கள் திரையை மட்டும் கறுப்பாக்கிவிட்டுப் பின்னால் வேலை பார்க்கும் வசதி உண்டு. திரை கறுத்தால் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரூட்டரை அணையுங்கள்.

பணம் திருப்பித் தருகிறோம் என்று வருபவர்களின் ஒரு வித்தையும் தெரிந்திருக்கட்டும். உங்கள் பிரவுசரில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தில் தெரிகிற எண்ணை மாற்றுவது சில நொடி வேலை. இரண்டாயிரத்துக்குப் பதில் இருபதாயிரம் வந்துவிட்டது, மீதியை அனுப்புங்கள், என் வேலை போய்விடும் என்று கெஞ்சுவார்கள். மாறியது திரையில் தெரியும் எழுத்து மட்டும்தான், கணக்கில் ஒரு பைசாவும் வந்திருக்காது.

படி 6: யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்றால்

நெட்டைத் துண்டியுங்கள். அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், நீங்கள் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த ஆள் சொல்லி எந்தச் செயலியையும் போட்டிராத இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு மெயில் பாஸ்வேர்டை மாற்றி எல்லா சாதனங்களிலும் அந்த மெயிலை லாக்அவுட் செய்யுங்கள், பிறகு மற்றவை. பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, பாஸ்வேர்டை நாமே கொடுத்து ஏமாந்திருந்தாலும் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள், புகார் எண்ணை வாங்குங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை அதன் பிறகு நம்ப வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி, ரீசெட் திஸ் பிசி போய் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் கோப்பு எதையும் பழையதிலிருந்து கொண்டுவராதீர்கள்.

பெரியப்பாவின் பிரின்டர் மறுபடி சித்திரையில் மக்கர் செய்தது. அந்தப் பையனையே கூப்பிட்டார், அவரும் பழைய பாஸ்வேர்டில் வர முயன்று முடியாமல் கேட்டிருக்கிறார். பெரியப்பா குயிக் அசிஸ்ட்டைத் திறந்து குறியீடு கேட்டு வாங்கித் தட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து, டெஸ்ட் பேஜ் வந்ததும் ஜன்னலை மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார். அதற்கு எட்டு நிமிஷம் ஆனதாம்.